அம்மாவின் முழங்காலும் இஸ்கியாவின் வெந்நீரும்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: மே மாதக் கடைசியில் மனைவியோடும் 68 வயது அம்மாவோடும் ரோம், நேப்பிள்ஸ் போகிறீர்கள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நேப்பிள்ஸுக்கு எதிரே இருக்கும் இஸ்கியா தீவின் வெந்நீர் ஊற்றுகளில் குளித்தால் வலி போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஒரே நாளில் போய்த் திரும்பலாமா, எரிமலைத் தீவு என்கிறார்களே ஆபத்தில்லையா, அதைவிடக் காப்ரிக்குப் போவது மேலா என்று மூன்று கேள்விகள் போட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது, அம்மாவை நம்பி அங்கே அழைத்துப் போகலாமா என்ற ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன்.

நான் நிலவியல் படித்தவன். நேப்பிள்ஸில் நான்கு ஆண்டு ஆய்வு மாணவனாக இருந்தேன். பிறகு மாணவர்களை அழைத்துக்கொண்டு பலமுறை இஸ்கியாவில் கல் உடைத்திருக்கிறேன். ஆகவே பாறையையும் வெந்நீரையும் பற்றி நான் சொல்வதை நம்பலாம். முழங்காலைப் பற்றிச் சொல்வதை மட்டும் அம்மாவின் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்ரியை முதலில் முடித்துவிடுகிறேன். அது சுண்ணாம்புப் பாறைத் தீவு. எரிமலை கிடையாது, வெந்நீர் ஊற்றும் கிடையாது. அழகு உண்டு, கூட்டமும் உண்டு, மேடு பள்ளமும் ஏராளம். பேரரசர் அகஸ்டஸ் காப்ரியின் மேல் ஆசைப்பட்டு, தம்மிடமிருந்த இஸ்கியாவை நேப்பிள்ஸ்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு அதை மாற்றாக வாங்கிக்கொண்டார் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் சுவெத்தோனியுஸ் எழுதியிருக்கிறார். அந்தப் பேரத்தில் ஏமாந்தது அகஸ்டஸ்தான் என்பது என் கட்சி. முழங்கால் வலிக்காரரோடு போகிறவர்களுக்கு இதில் இரண்டாவது கருத்தே இருக்க முடியாது.

வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் ஆபத்தைப் பற்றிய கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். சுமார் 55,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே மிகப் பெரிய வெடிப்பு ஒன்று நடந்தது. உள்ளிருந்த பாறைக்குழம்பு காலியானதும் மேலிருந்த தரை இடிந்து பள்ளமானது. கடல் உள்ளே புகுந்தது. பள்ளத்தில் குவிந்த சாம்பல் கடல்நீரில் ஊறிப் பச்சை நிறப் பாறையாக இறுகியது. பின்னர் கீழிருந்து பாறைக்குழம்பு மறுபடி நெட்டித் தள்ள, அந்தப் பச்சைப் பாறை ஒரே கட்டியாக மேலே எழும்பியது. தீவின் நடுவே நிற்கிற, 789 மீட்டர் உயரமுள்ள எப்போமேயோ மலை அப்படி எழுந்ததுதான். பார்க்கிறவர்கள் அதை எரிமலை என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். உண்மையில் அது ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்த தரை. மழைநீரும் கடல்நீரும் கீழே இறங்கி, அங்கே ஆறாமல் கிடக்கும் சூட்டில் காய்ந்து, இந்தக் கட்டியின் ஓரங்களில் உள்ள பிளவுகள் வழியாக மேலே ஏறுகின்றன. வெந்நீர் ஊற்றுகள் பெரும்பாலும் மலையைச் சுற்றி மாலைபோல் அமைந்திருப்பதற்கு அதுதான் காரணம். வடக்கு ஓரத்தில் நிலநடுக்கம் வருவதும் இதே பிளவுகளில்தான். குளிக்கும் நீரும் வீட்டை இடிக்கும் நடுக்கமும் ஒரே வாசல் வழியாக வருகின்றன.

எரிமலையாக இஸ்கியா கடைசியாக வெடித்தது 1302இல். அப்போது ஓடிய குழம்பு கடல்வரை போய் இறுகியது. இன்று இஸ்கியா நகரின் துறைமுகத்துக்கும் பழைய ஊரான பொந்தேவுக்கும் நடுவே பைன் மரத்தோப்புகள் நிற்பது அதன் மேல்தான். அடுத்த வெடிப்பு எப்போது என்று யாராலும் நாள் குறிக்க முடியாது. ஆனால் வெடிப்புக்கு முன் நிலம் உப்பும், சின்னச் சின்ன நடுக்கங்கள் பெருகும், வாயுவின் கலவை மாறும். இவற்றை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருப்பது 1841இல் தொடங்கிய வெசூவியஸ் ஆய்வகம். உலகிலேயே பழைய எரிமலை ஆய்வகம் அது. மூன்று நாள் பயணத்துக்கு இந்தக் கவலை வேண்டாம்.

நிலநடுக்கத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. 1883 ஜூலை 28 இரவு காசமிச்சோலா என்ற ஊர் நொடிகளில் தரைமட்டமானது. 2,300 பேருக்கு மேல் இறந்தார்கள். கோடைக்குக் குடும்பத்தோடு வந்திருந்த 17 வயதுப் பையன் ஒருவன் மணிக்கணக்கில் இடிபாட்டுக்குள் கிடந்து பிழைத்தான். அவனுடைய அப்பா, அம்மா, தங்கை மூவரும் போய்விட்டார்கள். பின்னாளில் இத்தாலியின் பெரிய தத்துவ அறிஞராக ஆன பெனெதெத்தோ குரோச்சே அவர். பெரிய களேபரம் நடந்தால் 'காசமிச்சோலா ஆகிவிட்டது' என்று சொல்லும் வழக்கே இத்தாலிய மொழியில் உண்டாயிற்று. 2017 ஆகஸ்ட் 21இல் மீண்டும் அதே ஊர்: அளவு 4.0 மட்டுமே, ஆனாலும் வீடுகள் இடிந்து இருவர் இறந்தார்கள். மேசைக்கு அடியில், டம்ளருக்கு நேர் கீழே குட்டினால் மெல்லிய தட்டலுக்கே டம்ளர் துள்ளும் அல்லவா? இங்கே நடுக்கம் பிறப்பது தரைக்கு இரண்டு கிலோமீட்டர் அளவு ஆழத்திலேயே. அதனால் நேர் மேலே இருக்கும் ஊர் நொறுங்கும். சில கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கு ஜன்னல் ஆடியதோடு போய்விடும். 2022 நவம்பர் 26இல் கொட்டித் தீர்த்த மழையில் மலைச்சரிவிலிருந்து சேறு இறங்கி அதே காசமிச்சோலாவில் 12 பேரைக் கொன்றது. சாம்பல் மண், செங்குத்துச் சரிவு, ஓடை வழியிலேயே கட்டிய வீடுகள்.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டிய முடிவு எளிது. காசமிச்சோலாவின் மலையோர மேற்பகுதியில் அறை எடுக்காதீர்கள், கடலோரத்தில் எடுங்கள். இஸ்கியா நகரம், ஃபோரியோ இரண்டும் வசதி. நவம்பர் மழையில் போகாதீர்கள். நீங்கள் போவது மே மாதம், நல்ல காலம். வெந்நீர்ப் பூங்காக்கள் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். ஆகஸ்டில் இத்தாலி முழுக்கக் கடற்கரைக்கு வந்துவிடும், நல்லவேளை நீங்கள் அப்போது போகவில்லை.

இனி முழங்கால். வெந்நீர்க் குளியலும் ஃபாங்கோ என்கிற சூட்டுச் சேறும் தேய்மான வலிக்கு ஓரளவு நிவாரணம் தருகின்றன, நடை கொஞ்சம் இலகுவாகிறது, அந்தப் பலன் சில வாரங்களோ மாதங்களோ நிற்கிறது என்று பல மருத்துவச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரண்டு, மூன்று வாரம் தொடர்ந்து செய்த சிகிச்சைகள். தவிர, வெந்நீரில் உட்கார்ந்திருப்பவரிடம் அது வெந்நீர் இல்லை என்று மறைக்க முடியாது. ஆகவே எவ்வளவு நீரின் குணம், எவ்வளவு ஓய்வின் குணம், எவ்வளவு நம்பிக்கை என்று பிரிப்பது கடினம். தேய்ந்த குருத்தெலும்பு வெந்நீரில் வளராது. அதைத் தயங்காமல் சொல்லலாம். மூன்று நாளில் அம்மாவுக்குக் கிடைக்கக்கூடியது: நீரில் உடல் எடை குறைந்து முழங்கால் சும்மா இருக்கும் சுகம், தளர்ந்த தசை, நல்ல தூக்கம். அது சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். வலி போய்விடும் என்று மட்டும் அவரிடம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கட்டுக்கு அடங்காத இரத்த அழுத்தம், இதய நோய், அண்மையில் காலில் இரத்தக் கட்டி வந்தது, ஆறாத புண், காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவர் சம்மதிக்காமல் சூட்டுத் தொட்டியில் இறங்கவே கூடாது. எதுவும் இல்லாவிட்டாலும் 38 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட நீரில் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். எழும்போது தலை சுற்றும். நீங்களோ மனைவியோ கைக்கெட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

ரேடான் என்கிற கதிரியக்க வாயுவைப் பற்றியும் கேட்பீர்கள். லாக்கோ அமேனோ ஊரின் நீரில் கதிர்வீச்சு உண்டு என்பது உண்மை. 1918இல் மேரி கியூரியே இத்தாலியின் ஊற்றுகளை ஆராய வந்தபோது இந்தத் தீவுக்கும் வந்தார். ஒருகாலத்தில் அதையே மருந்து என்று விளம்பரம் செய்தார்கள். ரேடான் அதிகம் தேங்கிய காற்றை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது இன்று ஐயமில்லாத செய்தி. ரேடானால் குணம் உண்டு என்பதற்கான ஆதாரமோ மெலிவானது. ஒன்றிரண்டு குளியலால் கெடுதல் என்று பயப்பட வேண்டாம். ரேடானுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கவும் வேண்டாம்.

எங்கே குளிப்பது? அம்மாவுக்கு ஏற்றது ஃபோரியோ அருகே சித்தாரா கடற்கரையில் இருக்கும் பொசைடன் பூங்கா. இருபதுக்கு மேற்பட்ட தொட்டிகள், 28 முதல் 40 பாகை வரை. குறைந்த சூட்டில் தொடங்கி மெதுவாக ஏறலாம். பல தொட்டிகளில் கைப்பிடி உண்டு. இன்னொன்று சான் மொந்தானோ விரிகுடாவில் உள்ள நெகோம்போ. பெயரைப் பார்த்ததும் எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? நம் நீர்கொழும்புதான். 1940களில் இந்த இடத்தை வாங்கிய தாவரப் பித்தரான காமெரினி என்ற பிரபு, இந்த விரிகுடா இலங்கையின் நீர்கொழும்பை நினைவூட்டுகிறது என்று அந்தப் பெயரையே வைத்துவிட்டார். மரஞ்செடிகளில் அழகு இதுதான். ஆனால் பூங்கா மலைச்சரிவில் இருப்பதால் ஏற்ற இறக்கம் அதிகம். தொட்டிகளில் இறங்கக் குளியல் தொப்பி கேட்பார்கள். ஊரிலிருந்தே மூன்று எடுத்துப்போங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் சொர்ஜேத்தோ என்ற இடத்தைப் பற்றி இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள். பாறை நடுவே கொதிநீர் பீறிட்டுக் கடலோடு கலக்கும் குட்டிக் குடா. அருமையான இடம், அம்மாவுக்கு ஆகாது. இருநூறு படிக்கு மேல் இறங்கி ஏற வேண்டும், கல் வழுக்கும், ஒரு அடி தள்ளி உட்கார்ந்தால் சுகம், ஒரு அடி கிட்டே போனால் கொப்புளம். கல் சரியும் பயத்தால் படிக்கட்டை அடைத்துவைக்கும் காலமும் உண்டு. பாறையைக் குடைந்து பழங்காலத்திலேயே குளியலறைகள் செய்த காவாஸ்கூராவும் அப்படித்தான்: ஓடைப் பள்ளத்தாக்கில் கரடுமுரடாக நடக்க வேண்டும். நீங்களும் மனைவியும் ஒரு காலைப்பொழுதில் போய்வரலாம்.

அம்மா பார்க்கவேண்டிய வேடிக்கை ஒன்று மரோன்தி கடற்கரையின் மேற்குக் கோடியில் இருக்கிறது. மணலிலிருந்து ஆவி வரும்; அந்த இடத்தைக் கயிறு கட்டி வைத்திருப்பார்கள். முதல் வருடம் நான் அங்கே ஒரு சாண் ஆழத்தில் வெப்பமானியைச் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தேன். முள் தொண்ணூறைத் தாண்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பாட்டி என்னைக் கண்டுகொள்ளாமல் முட்டையையும் உருளைக்கிழங்கையும் தகட்டுத்தாளில் சுற்றிப் புதைத்துவிட்டுக் கையில் பின்னலோடு உட்கார்ந்தார். என் குறிப்பேட்டில் பத்தாவது எண்ணை எழுதுவதற்குள் அவருடைய முட்டை வெந்துவிட்டது. பாதியை உப்புத் தொட்டு எனக்கும் கொடுத்தார். மஞ்சள்கரு நடுவில் கொஞ்சம் இளகி, வெள்ளைக்கருவில் மிக மெல்லிய கந்தக வாசனையோடு இருந்தது. அன்றைக்கு எடுத்த அளவீடுகள் மறந்துவிட்டன.

சூடு வேண்டாம் என்றால் பாரானோ பக்கம் நித்ரோடி ஊற்று உண்டு. 28 பாகை அளவில் மிதமான நீர். மரத்தடியில் குழாய்கள், பக்கத்தில் சாய்வு நாற்காலிகள். 1757இல் இங்கே பளிங்குப் பலகைகள் சில கிடைத்தன: குணமான ரோமானியர்கள் ஊற்றின் நீர்த்தேவதைகளுக்கும் அப்பல்லோவுக்கும் செய்துவைத்த நேர்த்திக்கடன். இப்போது அவை நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அம்மாவிடம் அதை எப்படி விளக்குவது என்று யோசிக்கவே வேண்டாம். கோயிலில் வெள்ளியில் கால் செய்து உண்டியலில் போடுகிறோம் அல்லவா, அதேதான்.

பழைமையில் இத்தீவை மிஞ்சுவது கடினம். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் எயுபோயா தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் பித்தேக்கூசை என்ற ஊரை அமைத்தார்கள். மேற்கே கிரேக்கர்கள் வந்து குடியேறிய முதல் இடம் என்று இதைச் சொல்வார்கள். லாக்கோ அமேனோவில் வில்லா அர்பூஸ்தோ என்ற பழைய மாளிகையில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சுமார் பத்து சென்டிமீட்டர் உயரத்தில், உடைந்து ஒட்டிய மண் கிண்ணம் ஒன்று இருக்கும். 1954இல் ஜோர்ஜோ புக்னர் ஒரு கல்லறையிலிருந்து எடுத்தது. அதன் மேல் வலமிருந்து இடமாகக் கீறிய மூன்று வரிகள்: 'நெஸ்டரின் கிண்ணம் நான், குடிக்க இனியவன், இதில் குடிப்பவனை உடனே அஃப்ரோடைட்டியின் ஆசை பற்றிக்கொள்ளும்' என்பதுபோல் பொருள்படும். கிடைத்துள்ள கிரேக்க எழுத்துகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. கிரேக்கக் காவியமான இலியட்டில் வரும் முதிய மன்னர் நெஸ்டரின் பொற்கிண்ணத்தைக் கேலி செய்து எழுதியதா, வேறொரு நெஸ்டரா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கல்லறை என்று வெகுகாலம் நம்பினார்கள். 2021இல் எலும்புகளை மறுபடி ஆராய்ந்ததில் குறைந்தது மூன்று பெரியவர்களின் சாம்பலும் விலங்கு எலும்புகளும் கலந்திருப்பது தெரிந்தது. எயுபோயாக்காரர்களின் இந்த எழுத்துமுறைதான் பின்னர் பண்டை இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் வழியாக லத்தீன் எழுத்தானது. ஆங்கிலத்துக்கு ஏ, பி, சி வந்த வழியில் இது ஒரு படி.

மற்றொன்று, பொந்தே கரையிலிருந்து பாலத்தில் நடந்துபோகும் அரகோன் கோட்டை. கடலில் தனியாக நிற்கும் பாறையில் கி.மு. 474இலேயே அரண் எழும்பியது. 15ஆம் நூற்றாண்டில் அரகோனின் அல்ஃபோன்சோ இப்போதுள்ள வடிவம் கொடுத்தார். கவிஞர் வித்தோரியா கொலொன்னாவுக்கு 1509இல் திருமணம் நடந்ததும் இங்கேதான். மேலே போக லிஃப்ட் உண்டு, அம்மா தைரியமாக வரலாம். உள்ளே சரிவுப் பாதைகள் இருப்பதால் கைத்தடி எடுத்துவரட்டும். கன்னியர் மடத்தின் கீழறையில் கல் நாற்காலிகள் வரிசையாக இருக்கும், நடுவில் துளை. இறந்த கன்னியரை அவற்றில் உட்காரவைத்து உடல் வடிந்து போகவிடுவார்கள். உயிரோடிருந்தவர்கள் தினமும் அங்கே வந்து ஜெபம் செய்தார்கள். அந்த அறைக்கு அம்மாவைக் கூட்டிப்போவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் என் தாயாரை வெளியே எலுமிச்சை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டேன்.

கோட்டைக்குத் தெற்கே கார்த்தரோமானா விரிகுடாவில் ரோமானியத் துறைமுகம் ஒன்று நீருக்கடியில் கிடக்கிறது. பொந்தேயிலிருந்து கண்ணாடி அடித்தளப் படகில் போய்ப் பார்க்கலாம், நடக்கவே வேண்டாம். ஃபோரியோவில் இசையமைப்பாளர் வில்லியம் வால்டனும் மனைவி சுசானாவும் உருவாக்கிய லா மோர்த்தெல்லா தோட்டமும் நன்றாக இருக்கும். வாரத்தில் சில நாள் மட்டுமே திறப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் தீவின் பெருமை முயல் கறி. சைவமானால் தக்காளி போட்ட பாஸ்தா, கத்தரிக்காயும் பாலாடைக்கட்டியும் அடுக்கிச் சுடும் பர்மிஜானா, வறுத்த கீரை கிடைக்கும். இவற்றில் சேர்க்கும் பர்மிஜானோ என்ற பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் ஊற்றித்தான் செய்வார்கள். அம்மா கண்டிப்பான சைவம் என்றால் அதைச் சேர்க்கவோ தூவவோ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

தீவுக்குள் கார் வேண்டாம். இடதுசுற்று, வலதுசுற்று என்று இரண்டு பஸ்கள் தீவையே வலம் வருகின்றன. மாலையில் நெரிசல் நம் ஊருக்குக் குறைவில்லை. அம்மா இருக்கும்போது மைக்ரோடாக்ஸி பிடியுங்கள். பழைய மாதிரி மூன்று சக்கர வண்டி கண்ணில் பட்டால் அம்மாவே அடையாளம் கண்டுகொள்வார்: நம் ஆட்டோவின் மூத்த அக்கா. இத்தாலிய நிறுவனமான பியாஜியோவின் உரிமத்தில்தானே பஜாஜ் இங்கே ஆட்டோ செய்யத் தொடங்கியது. ஏறும் முன் வாடகையைப் பேசிவிடுங்கள். அதிலும் ஒற்றுமை உண்டு.

ஒரே நாளில் போய்த் திரும்புவது கூடாது. படகில் போக வர மூன்று மணி, கோட்டையா குளியலா என்ற அவசரம், ஈரத் துணியோடு துறைமுகத்தில் நிற்பது; வலி கூடுமே தவிரக் குறையாது. மூன்று இரவு தங்குங்கள். முதல் நாள் கோட்டை, இரண்டாம் நாள் முழுக்கப் பூங்கா, மூன்றாம் நாள் அருங்காட்சியகமும் மரோன்தியும். வெந்நீர்த் தொட்டி உள்ள விடுதி என்றால் அது உண்மையான ஊற்றுநீரா, வெறும் சூடாக்கிய நீரா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்; ஒருமுறை நானே ஏமாந்திருக்கிறேன்.

நேப்பிள்ஸின் பெவெரெல்லோ துறையிலிருந்து விரைவுப் படகு ஒரு மணி நேரத்தில் போகும். பக்கத்திலுள்ள போர்த்தா தி மாஸ்ஸா துறையிலிருந்து பெரிய கப்பல் ஒன்றரை மணி நேரம் எடுக்கும். அம்மாவுக்குப் பெரிய கப்பல். ஆட்டம் குறைவு, எழுந்து நடக்க இடமுண்டு. துறைமுகத்துக்குள் நுழையும்போது மேல்தளத்தில் நின்று பார்க்கலாம். அந்தத் துறைமுகம் ஒரு எரிமலை வாய். ஏரியாக மூடிக்கிடந்ததன் கரையை வெட்டிக் கடலோடு சேர்த்து 1854இல் மன்னர் இரண்டாம் ஃபெர்டினாண்டு திறந்துவைத்தார். அதனால்தான் அது வட்டமாக இருக்கிறது. காற்று பலமானால் விரைவுப் படகுகளைத்தான் முதலில் நிறுத்துவார்கள். ஊருக்கு விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய மாலையே நேப்பிள்ஸ் திரும்பிவிடுங்கள்.